அக்டோபர் மாதத்துப் பறங்கிப் பண்ணை

நம் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் 'கத்தூ' என்ற பெயரோடு பூரிக்குப் பக்கத்தில் வந்து அமரும் காயை நம்மில் பலர் தட்டின் ஓரமாக ஒதுக்கிவிடுகிறோம். ஊரில் இருந்தபோது அதையே புளிக்குழம்பிலும் கூட்டிலும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள்தாம் நாம். அந்தக் காய்க்கு நமக்குள்ளேயே ஒரு பெயர் கிடையாது. தஞ்சாவூர்க்காரர் பறங்கிக்காய் என்பார். கோயம்புத்தூர்க்காரர் அரசாணிக்காய் என்பார். திருநெல்வேலிக்காரரோ அதைத்தான் பூசணிக்காய் என்பார், மற்றவர்கள் பூசணி என்று சொல்லும் சாம்பல் பூத்த காயைத் தடியங்காய் என்பார். இந்தக் கட்டுரையில் பறங்கி என்ற பெயரையே வைத்துக்கொள்கிறேன். பறங்கிமலையில் உள்ள அதே பறங்கிதான் இது; கடல் கடந்து வந்த ஐரோப்பியரைக் குறித்த சொல். காயும் அவர்களுடைய கப்பலில் வந்ததே. ஆனால் அவர்களுக்கும் அது சொந்தச் சரக்கு அன்று. அமெரிக்கக் கண்டத்தில் கண்டு எடுத்துக்கொண்டது. மெக்சிகோ நாட்டில் ஒஹாகா பகுதியில் கீலா நாகிட்ஸ் என்றொரு குகை இருக்கிறது. அங்கே கிடைத்த பறங்கி விதைகள் ஏறக்குறைய 10,000 ஆண்டு பழமையானவை என்பது 1997-ல் தெளிவாயிற்று. மக்காச்சோளம் பயிராகத் தொடங்குவதற்கும் முன்பே மக்கள் இந்தக் கொடியைப் பழக்கி வளர்த்திருக்கிறார்கள்.

அந்தத் தாய்வீட்டில் இன்று பறங்கிக்கு நடக்கும் மரியாதையைச் சொல்லவே இதை எழுதுகிறேன். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் 31 வரையில், நகரத்து ஜனங்கள் மோட்டார்களில் குடும்பம் குடும்பமாகக் கிராமத்துப் பண்ணைகளுக்குப் போகிறார்கள். நுழைவுக்கட்டணம் கொடுத்து உள்ளே செல்கிறார்கள். சேற்றில் நடந்து, குழந்தைகளோடு ஒரு பறங்கிக்காயைத் தேர்ந்தெடுத்து, கடையில் கொடுப்பதைக் காட்டிலும் அதிக விலை கொடுத்து வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதைச் சமைப்பதில்லை. சமைத்தாலும் நன்றாயிராது. தின்னாத காயை நம்பி ஒரு குடியானவக் குடும்பம் ஓர் ஆண்டு முழுவதும் பிழைக்கிறது என்றால், அதன் கணக்கு எப்படி என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

முதலில் காயைப் பார்ப்போம். 'பறங்கி' என்று நாம் ஒரே பெயரால் சொல்வதில் குறைந்தது மூன்று இனங்கள் உண்டு. நம் ஊர்ச் சாம்பாரில் மிதப்பது பெரும்பாலும் தாவர நூலார் 'மோஸ்காட்டா' என்று பெயரிட்ட இனம். சதை கெட்டியாயும் இனிப்பாயும் இருக்கும். அமெரிக்கப் பண்ணையில் ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று கிடப்பது 'பெப்போ' என்னும் இனம். பார்க்க அழகு, உள்ளே நாரும் நீரும். அவர்களும் நவம்பர் மாதத்து நன்றியறிதல் விழாவில் பறங்கிக்காய்ப் பணியாரம் செய்து உண்கிறார்கள். ஆனால் அதற்கான விழுது டப்பாவில் வருகிறது. அந்த டப்பாவில் பெரும்பகுதி இல்லினாய் மாநிலத்தில், மார்ட்டன் என்ற சிற்றூரில் உள்ள ஒரே தொழிற்சாலையில் அடைக்கப்படுவது. அதற்காக அந்தச் சுற்றுவட்டாரத்தில் பயிராகும் டிக்கின்சன் என்ற ரகம், மங்கிய மஞ்சள் தோலும் நீண்ட உடலும் கொண்ட மோஸ்காட்டா இனம்; நம்மூர்ப் பறங்கிக்கு நெருங்கிய உறவு. ஆகவே அமெரிக்கர் உண்ணும் பறங்கி வேறு, கொண்டாடும் பறங்கி வேறு. 2009-ல் அறுவடைக் காலத்தில் இல்லினாயில் மழை விடாமல் பெய்து காய்கள் வயலிலேயே அழுகின. அடுத்த ஆண்டு நாடு முழுவதும் கடைகளில் டப்பாவுக்குத் தட்டுப்பாடு. ஒரு வட்டாரத்து மழை ஒரு தேசத்தின் விருந்தைத் தொட்டது.

கொண்டாடும் பறங்கிக்கு வருவோம். அக்டோபர் 31 இரவு ஹாலோவீன் என்னும் பண்டிகை. அன்று பறங்கிக்காயின் உச்சியை வெட்டி, உள்ளே உள்ளதைச் சுரண்டி, பக்கத்தில் கண், மூக்கு, பல் என்று துளை செய்து, விளக்கேற்றி வீட்டு வாசலில் வைப்பார்கள். இந்த வழக்கம் அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்தது. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் இப்படிச் செய்து வந்தார்கள். கிழங்கைக் குடைவது எவ்வளவு கஷ்டம் என்பது, அடம்பிடிக்கும் கருணைக்கிழங்கோடு மல்லாடியவர்களுக்குத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்து குடியேறியவர்கள், உள்ளே பாதி கூடாக இருக்கும் பறங்கியைக் கண்டதும் கிழங்கை விட்டுவிட்டதில் வியப்பில்லை. கெட்டதை விரட்ட முகம் எழுதும் வழக்கம் நமக்கும் புதிதன்று. வீடு கட்டும் இடத்தில் வெள்ளைப் பூசணிக்கு முண்டைக் கண்ணும் மீசையும் கோரைப் பல்லும் எழுதிக் கட்டித் தொங்கவிடுகிறோம். நாம் வெளியே எழுதுகிறோம். அவர்கள் உள்ளே விளக்கு வைக்கிறார்கள்.

இந்த வேலைக்கென்றே ஒரு ரகம் பிறந்தது. மாசசூசட்ஸ் மாநிலத்துக் குடியானவர் ஜான் ஹௌடன் என்பவர், 1960-களில் தம் வயலில் நல்ல காய்களாகப் பொறுக்கி விதை எடுத்து எடுத்து உருவாக்கிய 'ஹௌடன்' ரகம் அது. பத்துப் பன்னிரண்டு கிலோ எடை, ஆழ்ந்த நிறம், சீரான விலாக்கள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தடித்த, உறுதியான காம்பு. இந்தக் காம்பு சமாசாரத்தை அலட்சியம் செய்யக்கூடாது. காம்பு ஒடிந்த காயை யாரும் வாங்குவதில்லை. குழந்தை கைபிடித்துத் தூக்குவதும் அதைத்தான். விளக்குக்கு மூடியின் பிடியும் அதுதான். சாம்பல் நோய் என்னும் வெண்பூஞ்சணம் ஆகஸ்டு மாதத்தில் இலையில் பற்றினால் காய் அழுகாது. ஆனால் கொடியும் காம்பும் வற்றிப்போகும். காய் முழுசாக இருக்கும், விலை போய்விடும். உணவுக்காகப் பயிரிடுகிறவர் அந்த நோயை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். அழகுக்காகப் பயிரிடுகிறவர் பொறுக்க முடியாது.

சாகுபடி முறை நமக்குப் பழகினதே. குளிர் முற்றும் நீங்கிய பிறகு, மே மாதக் கடைசியிலோ ஜூனிலோ விதைக்கிறார்கள். காய் முற்ற 90 முதல் 120 நாள் ஆகும். அதற்குமேல் தாமதித்து விதைத்தால் அக்டோபருக்குக் காய் வராது. மிகவும் முந்தினால் செப்டம்பர் நடுவிலேயே முற்றி, வாங்க ஆள் வருவதற்குள் கெட ஆரம்பிக்கும். எந்தப் பயிரிலும் பருவம் முக்கியம்தான். ஆனால் ஒரே ஒரு தேதியைக் குறிவைத்து, அதற்கு மறுநாள் மதிப்பே இல்லாமல் போகும் பயிர் உலகத்தில் அதிகம் இராது. நம் பொங்கலுக்கு வரும் மஞ்சள் கொத்தைத்தான் இதற்கு ஒப்பிடலாம். அதையாவது பிறகு உலர்த்தி அரைக்கலாம்.

கொடியில் முதலில் பூப்பவை ஆண் பூக்கள். பிறகுதான் அடியில் சிறு பிஞ்சைத் தாங்கிக்கொண்டு பெண் பூ வரும். மார்கழியில் சாண உருண்டையில் செருகப் பூப் பறிக்கும் பாட்டிமார்களைக் கவனித்திருக்கிறீர்களா? விவரம் தெரிந்தவர்கள் பிஞ்சில்லாத பூவாகப் பார்த்துத்தான் கிள்ளுவார்கள். பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ பலமுறை வந்துபோக வேண்டும். வருகை போதாவிட்டால் காய் கோணலாகும், அல்லது பிஞ்சிலேயே உதிரும். அமெரிக்காவில் பறங்கிப் பூவையே நம்பி வாழும் ஒருவகைக் காட்டு ஈ இருக்கிறது. மண்ணில் வளை தோண்டி வாழ்வது. கூட்டுத் தேனீ எழுமுன் அது வேலையைத் தொடங்கிவிடும். அது போதாது என்று அஞ்சுகிற பண்ணைக்காரர்கள் தேனீப் பெட்டிகளை வாடகைக்கு எடுத்து வயலோரத்தில் வைக்கிறார்கள்.

காயெல்லாம் விளைந்தாயிற்று. அதை மொத்த வியாபாரிக்கு விற்றால் என்ன? விற்கலாம். ஆனால் பெரிய பல்பொருள் அங்காடிகள், ஜனங்களை உள்ளே இழுப்பதற்காகப் பறங்கியை வாசலில் குவித்து மிக மலிவாகக் கொடுக்கின்றன. ஆயிரம் ஏக்கர் உள்ளவர் அந்த விலைக்குக் கொடுத்துத் தாங்குவார். ஐம்பது ஏக்கர் உள்ள குடும்பம் தாங்காது. அமெரிக்காவில் 1935-ல் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2022-ல் எடுத்த கணக்கின்படி 19 லட்சமே. நிலம் எங்கும் போய்விடவில்லை. சிறிய பண்ணைகள் பெரியவற்றில் கரைந்தன, நகரத்தை அடுத்திருந்தவை வீட்டுமனைகள் ஆயின. தாத்தா உழுத நிலத்தைப் பேரன் விற்காமல் வைத்துக்கொள்ள வேண்டுமானால், காயோடு இன்னொன்றையும் சேர்த்து விற்றாக வேண்டும். அந்த இன்னொன்றுதான் பண்ணையில் கழிக்கும் ஒரு பகற்பொழுது. வீட்டுமனைக்காரரைப் பக்கத்தில் கொண்டுவந்த அதே நகரந்தான் வாடிக்கையாளரையும் கொண்டுவருகிறது என்பது இதில் ஒரு விசித்திரம்.

அந்தப் பகற்பொழுதில் என்ன இருக்கிறது? டிராக்டர் இழுக்கும் வண்டியில் வைக்கோல் கட்டுகளின்மேல் உட்கார்ந்து வயலுக்குப் போவது முதல் வேடிக்கை. நமக்கு இதில் என்ன புதுமை என்று தோன்றும். கதிர் வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு அடி வாங்கியவர்கள் நம்மிலே உண்டு. அடுக்குமாடி வீட்டில் பிறந்த குழந்தைக்கு அதுவே விமானப் பிரயாணத்தை விடப் பெரிது. பிறகு வைக்கோல் கட்டுகளை மலைபோல் அடுக்கி ஏறி இறங்க விட்டிருப்பார்கள். மணலுக்குப் பதில் உதிர்த்த மக்காச்சோள மணிகளைக் கொட்டிய தொட்டியில் குழந்தைகள் இடுப்பளவு புதைந்து விளையாடும். அடிபம்பைக் கையால் அடித்து, வரும் தண்ணீரில் ரப்பர் வாத்துகளை ஓடவிட்டுப் பந்தயம் வைப்பார்கள். நம் தெருக்களில் அடிபம்பு அடித்துக் கை காய்த்த பெண்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ! ஆட்டுக்கும் கோழிக்கும் தீனி போடலாம். ஆப்பிள் பிழிந்த சாறு கிடைக்கும். அந்தச் சாற்றையே மாவில் விட்டுப் பிசைந்து, நம் மெதுவடைபோல் நடுவில் துளையிட்டுச் சுட்ட இனிப்பு வடையும் சூடாகக் கிடைக்கும். பல பண்ணைகளில் காயைவிட இந்த வடைக்குத்தான் வரிசை நீளம்.

எல்லாவற்றிலும் பெரிய கவர்ச்சி மக்காச்சோள வயலில் அமைக்கும் வழிதெரியாப் பாதை. இது பழைய கிராமத்து வழக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். இன்றைய உருவில் இதன் வயது முப்பத்துச் சொச்சந்தான். 1993-ல் பென்சில்வேனியா மாநிலத்து ஆன்வில் என்ற ஊரில், லெபனான் வேலி கல்லூரியை ஒட்டி, டான் ஃபிரான்ட்ஸ் என்ற நாடகத் தயாரிப்பாளரும் ஏட்ரியன் ஃபிஷர் என்ற ஆங்கிலேயப் புதிர்ப்பாதை வல்லுநரும் சேர்ந்து, பிரம்மாண்டமான பழங்கால விலங்கு ஒன்றின் வடிவில் சோள வயலில் பாதை வெட்டினார்கள். அந்த ஆண்டு மிசிசிப்பி ஆற்றுப் பெருவெள்ளத்தில் நாட்டின் நடுப்பகுதி மூழ்கியிருந்தது. அங்கே பாதிக்கப்பட்ட குடியானவர்களுக்கு நிதி திரட்டவே இந்த ஏற்பாடு. கல்லூரிப் பக்கத்தில் வெள்ள நிவாரணத்துக்காகப் பிறந்த ஒரு யோசனை, ஒரு தலைமுறைக்குள் நாடெங்கும் சிறு குடும்பங்களின் வருமானமாகிவிட்டது. செய்முறை கடினமன்று. சோளத்தை நெடுக்கும் குறுக்குமாக இரண்டு தரம் நெருக்கி விதைக்கிறார்கள். பயிர் முழங்காலளவு இருக்கும்போதே, காகிதத்தில் போட்ட படத்தின்படி பாதைகளை உழுதோ அறுத்தோ விடுகிறார்கள். செப்டம்பரில் பயிர் ஆள் உயரத்தைத் தாண்டியதும் உள்ளே போனவருக்கு வானம் மட்டுமே தெரியும். இப்போது செயற்கைக்கோள் வழிகாட்டியோடு டிராக்டரே படம் வரைகிறது.

போட்டிகளுக்கும் குறைவில்லை. இங்கே மூன்றாவது இனம் வருகிறது: 'மாக்சிமா'. கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த ஹவர்ட் டில் என்ற குடியானவர், 1979 தொடங்கி நான்கு ஆண்டு தொடர்ந்து உலகப் போட்டியில் வென்றார். அவர் தேர்ந்தெடுத்த விதைவழியிலிருந்தே பின்வந்த ராட்சதக் காய்கள் எல்லாம் வந்தன. உச்சப் பருவத்தில் ஒரு காய் நாளொன்றுக்கு 15 கிலோவுக்கு மேல் பெருக்கும். கலிபோர்னியாவில் ஹாஃப் மூன் பே ஊரில் 2023-ல் நடந்த எடை போடும் விழாவில் ஒரு காய் 2,749 பவுண்டு நிறுத்தது. அதாவது ஏறத்தாழ 1,247 கிலோ. அழகில் அது நம் காய்களுக்கு உறைபோடக் காணாது. சரிந்து கிடக்கும் சாக்கு மூட்டைபோல் இருக்கும். டெலவேர் மாநிலத்தில் 1986-ல் தொடங்கிய இன்னொரு போட்டி, பறங்கியைக் கவண்பொறியாலும் காற்றுப் பீரங்கியாலும் யார் அதிக தூரம் எறிவது என்பது. அரை மைல், முக்கால் மைல் என்று பறந்தது காய். 2016-ல் ஒரு பெரிய விபத்து நேர்ந்த பிறகு அந்த ஊரில் அதை நிறுத்திவிட்டார்கள். காயைப் பீரங்கியில் வைப்பதை நான் ரசிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லி மேலே போகிறேன்.

இப்போது கணக்கு. பருவம் ஐந்து ஆறு வாரம். வேலை நாட்களில் பள்ளிப் பிள்ளைகள் பஸ்களில் வருவார்கள். ஆளுக்கு ஒரு சின்னக் காயைக் கொடுத்தனுப்புவது வழக்கம். உண்மையான வரவு சனி, ஞாயிறுகளில்தான். ஆக, ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு பத்துப் பன்னிரண்டு நாட்களில் வந்தாக வேண்டும். அந்தச் சனிக்கிழமைகளில் இரண்டில் மழை பெய்தால், வயலில் காய் எவ்வளவு நன்றாக விளைந்திருந்தாலும் அந்த ஆண்டு நஷ்டம். நம் ஊர்க் குடியானவர் மழை வராதா என்று ஆனியில் வானத்தைப் பார்க்கிறார். இவர் மழை வந்துவிடுமோ என்று அக்டோபரில் பார்க்கிறார். அந்த நாட்களில் குடும்பம் முழுவதும் களத்தில் நிற்கும். பாட்டி பணப்பெட்டியில், மகன் டிராக்டரில், மருமகள் அடுப்படியில். போதாததற்கு அக்கம்பக்கத்து மாணவர்களைச் சனி ஞாயிறு கூலிக்கு அமர்த்துகிறார்கள். விபத்துக்குக் காப்பீடு செய்ய வேண்டும். பல மாநிலங்களில், பண்ணையில் இயல்பாக உள்ள ஆபத்துகளுக்கு உடையவர் பொறுப்பல்ல என்று சட்டமே செய்து, அந்த எச்சரிக்கைப் பலகையை வாசலில் நட்டிருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். வண்டிகள் நிறுத்த நாலைந்து ஏக்கரைப் புல்லாகவே விட்டுவைக்க வேண்டும். இது விவசாயமா, கேளிக்கைத் தொழிலா என்று உள்ளூர் அதிகாரிகளும், சாலை நெரிசலால் எரிச்சலடைந்த அண்டை வீட்டார்களும் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் கேள்வி வீண்கேள்வி அன்று. பறங்கியோடு வேட்டை, திராட்சைத் தோட்டம் முதலிய எல்லா வகைப் பண்ணைச் சுற்றுலாவையும் சேர்த்து, அமெரிக்கப் பண்ணைகளுக்கு 2017-ல் கிடைத்தது சுமார் 95 கோடி டாலர். 2022-ல் அது 120 கோடியைத் தாண்டியது. பணம் வரும் பக்கமே கவனமும் போகும். கலிபோர்னியாவில் வால்ட்டர் நாட் என்பவரின் குடும்பம் பழத்தோட்டம் வைத்துச் சாலையோரத்தில் பழம் விற்று வந்தது. 1934-ல் அவர் மனைவி கோர்டீலியா அங்கேயே கோழி வறுத்துச் சாப்பாடு போடத் தொடங்கினார். சாப்பாட்டுக்குக் காத்து நின்ற கூட்டத்துக்குப் பொழுது போக வேண்டுமே என்று, பழைய கால ஊர் ஒன்றை அமைத்தார்கள். பிறகு ரயில், பிறகு ராட்டினங்கள், 1968-ல் சுற்றிலும் வேலி போட்டுக் கட்டணம். 1997-ல் குடும்பம் அதை ஒரு கேளிக்கைக் கம்பெனிக்கு விற்றது. பெயரில் மட்டும் 'பண்ணை' இருக்கிறது, பழத்தோட்டம் இல்லை. சில பறங்கிப் பண்ணைகளிலும், வேறெங்கோ விளைந்த காய்களை லாரியில் கொண்டுவந்து, வண்டி நிறுத்துமிடத்துப் பக்கத்துப் புல்லில் பரப்பி, 'தோட்டத்தில் நீங்களே பறியுங்கள்' என்கிறார்கள். கொடியே இல்லாத தோட்டம்! குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது என்பது சமாதானம். காய் கொடியிலிருந்து வருகிறது என்பதைப் பார்ப்பதற்குத்தானே அந்தக் குழந்தையை அழைத்து வந்தார்கள்?

ஆயினும் அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஈரம் மிகுந்த ஆண்டுகளில் 'ஃபைட்டாப்தோரா' என்னும் வேர்வழி அழுகல் நோய் வயலில் புகுந்துவிட்டால், அது மண்ணிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கும். அந்த வயலில் மறுபடி பறங்கி வைக்க நெடுநாள் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆண்டில் வெளியிலிருந்து காய் வாங்கியாவது கதவைத் திறந்து வைப்பவர், அடுத்த ஆண்டு உழுவதற்காகவே அதைச் செய்கிறார். ராட்டினம் வாங்கப் பறங்கி விற்பவரையும், வயலைக் காப்பாற்ற வண்டிச் சவாரி விற்பவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது.

நவம்பர் முதல் தேதி காலையில் பறங்கிக்கு விலை இல்லை. முந்தின நாள் வரை பணம் கொடுத்துத் தேடிய காய், வாசல்களில் கண்ணும் வாயும் சுருங்கி, குப்பை வண்டிக்குக் காத்துக் கிடக்கும். பண்ணையில் மீந்தவற்றை மாட்டுக்கும் பன்றிக்கும் போடுகிறார்கள். மற்றதை அப்படியே உழுது மண்ணில் புதைக்கிறார்கள். சோள வயலில் நட்ட வழிகாட்டிப் பலகைகளைப் பிடுங்கி அடுக்கியதும் அறுவடை இயந்திரம் உள்ளே போகிறது. ஒரு மாதமாக ஊர்ப் பிள்ளைகள் வழி தெரியாமல் சுற்றிய பாதைகள் ஒரு முற்பகலில் மறைந்துவிடும். அந்தச் சோளம் குளிர்காலத்து மாட்டுத்தீவனம்.